சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து முழுநீளப் படம் தொகுப்பது எப்படி: ஹார்ட் டிஸ்க் முதல் திரையரங்கம் வரை

90 முதல் 120 நிமிடம் ஓடும் ஒரு தமிழ்ப் படத்தை, பெரிய ஸ்டூடியோ எதுவும் இல்லாமல், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் கடைவீட்டு மாடியிலோ வீட்டு அறையிலோ உட்கார்ந்து தொகுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறும்படமும் கல்யாண வீடியோவும் தொகுத்துப் பழகிய கை உங்களுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் புதியவர்கள் அதிகம் தடுமாறுவதில்லை. அவர்கள் சறுக்குவது வேலையின் வரிசையில்தான்.

பிள்ளைகள் வந்து கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த மென்பொருள் நல்லது?" என்பதாகவே இருக்கிறது. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதனால் அதற்கான பதிலும் மூன்றாவது பகுதியில் இருக்கிறது.

1. கடைசிக் கோப்பை முதலில் முடிவு செய்யுங்கள்

திரையரங்கத்துக்குப் போவது டிசிபி என்னும் கோப்புத் தொகுதி. படம் ஜேபெக் 2000 முறையில் வினாடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட் அளவிலும், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவிலும் அதில் இருக்கும். 2கே அளவில் இரண்டு சட்டகங்கள் வழக்கத்தில் உள்ளன: 1998 × 1080 கொண்ட ஃபிளாட், 2048 × 858 கொண்ட ஸ்கோப். இவற்றில் எது உங்கள் படத்துக்கு என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே ஒளிப்பதிவாளருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

இது ஏன் அவசரம் என்றால், கேமராவின் 3840 × 2160 சட்டகம் ஃபிளாட்டைவிடச் சற்றுக் குறுகலானது. அப்படியே வைத்தால் திரையில் இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்புப் பட்டை விழும். பட்டை இல்லாமல் நிரப்ப மேலும் கீழும் சிறிது வெட்ட வேண்டும். கேமரா மானிட்டரில் ஃபிளாட்டின் எல்லைக் கோட்டைப் போட்டு எடுத்திருந்தால் வெட்டுவதில் சிக்கலில்லை. போடாமல் எடுத்தால் யாராவது ஒருவருடைய நெற்றி போய்விடும்.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. எந்தத் திரையரங்கச் சர்வரும் மறுக்காமல் ஏற்பது வினாடிக்கு 24. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பலர் குழல் விளக்கு மினுமினுப்புக்குப் பயந்து 25இல் எடுக்கிறார்கள். 24இல் எடுத்துக்கொண்டே ஷட்டரை 1/50 என்று, அல்லது கோணமாக 172.8 பாகை என்று வைத்தால் மினுமினுப்பு அடங்கிவிடும். 25இல் எடுத்த படத்தை 24க்கு இறக்கினால் 100 நிமிடப் படம் 104 நிமிடத்துக்கும் சற்று மேலாக நீளும். குரலின் சுருதியும் இறங்கும், அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இன்னொரு பொறி: பல கேமராக்களில் '24' என்று எழுதியிருப்பது உண்மையில் 23.976. மெனுவில் 24.00 தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒன்றென்று கருதிக் கலந்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 வினாடி விலகும். ஒரு காட்சிக்குள் அது கண்ணில் படாது. முழுப் படத்தையும் ஒலியோடு சேர்த்து ஓட்டும்போது உதடும் வசனமும் வெவ்வேறு இடத்தில் நிற்கும்.

2. டிஸ்க், மின்சாரம், பிறகுதான் கணினி

கையில் பணம் வந்ததும் கிராஃபிக்ஸ் கார்டு வாங்க ஓடுவது பெரிய வியாதி. முதலில் டிஸ்க்கைக் கணக்குப் போடுங்கள்.

100 நிமிடப் படத்துக்குப் பத்து மடங்கு எடுக்கிறீர்கள் என்றால் ஏறத்தாழ 1,000 நிமிடக் காட்சி சேரும், அதாவது 16 மணி 40 நிமிடம். 4கே புரோரெஸ் 422 என்னும் கனமான கோப்பு வகை என்றால் 24 ஃபிரேமில் மணிக்கு 212 ஜிபி, மொத்தம் 3.5 டிபி. அதையே வினாடிக்கு 100 மெகாபிட் அளவில், அதிகம் சுருக்கும் எச்.265 வகையில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி, மொத்தம் 750 ஜிபி. முதல் கணக்குக்கு 4 டிபி டிஸ்க் போதும் என்று நினைக்க வேண்டாம். டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பினால் வேகம் விழும். 5 அல்லது 6 டிபி வாங்குங்கள்.

அதுவும் மூன்று வேண்டும். ஒன்று மேசையில், ஒன்று அதே வீட்டில் வேறு அறையில், மூன்றாவது வேறு வீட்டில். மூன்றாவது பிரதியைத் தயாரிப்பாளர் வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ வைத்துவிடுங்கள். கடைவீட்டு மாடியில் கூரை ஒழுகினால் ஒரே அலமாரியில் இருக்கும் மூன்று டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும்.

அசல் காட்சிகளுக்கு ஹார்ட் டிஸ்க் போதும். பிராக்ஸியும் (வெட்டுவதற்காக அசலிலிருந்து எடுக்கும் லேசான பிரதி) கேஷும் (மென்பொருள் தற்காலிகமாக எழுதிவைக்கும் கோப்புகள்) ஒரு எஸ்எஸ்டியில் தனியாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் படிக்கவும் எழுதவும் ஒரே நேரத்தில் அது அலைந்து, டைம்லைன் விக்கி விக்கி ஓடும். புதியவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கணினியைத் திட்டுவார்கள்.

மின்சாரம். பேராக்கில் மாலை இடியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. யூபிஎஸ் கட்டாயம், ஆனால் அது வேலை செய்ய அல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கச் சில நிமிடம் தருவதற்கு. வானம் கறுத்தால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், கூடவே இணையக் கேபிளையும் பிடுங்குங்கள். பெரும்பாலோர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான். மின்னல் அந்த வழியாகவும் வந்து மோடத்தையும் மதர்போர்டையும் சேர்த்து எரிக்கும்.

கணினிக்கு 32 ஜிபி ரேம், 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 2கே படத்துக்குத் தாராளம். வண்ண வேலைக்கு, 709 என்னும் வீடியோ வண்ண அளவைக்கு அளவீடு செய்யக்கூடிய மானிட்டர் ஒன்று தேவை. அது இல்லையென்றால் வண்ண வேலையை வீட்டில் தொடாதீர்கள், வெளியே கொடுங்கள்.

3. மென்பொருள்

தனியாக வேலை செய்கிறீர்கள் என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. 3840 × 2160 வரை அது வெளியிடும், 2கே திரையரங்கப் படத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. இரைச்சல் நீக்கம் போன்ற சில கருவிகள் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. அதை மாதச் சந்தா இல்லாமல் ஒரே முறை வாங்கலாம்.

இரண்டு மூன்று பேர் ஒரே படத்தில் ஒரே நேரத்தில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால் அவிட் மீடியா கம்போசர். ஒருவர் திறந்திருக்கும் 'பின்'னை (கிளிப்புகளை வைக்கும் கோப்புறை) மற்றவர் மாற்ற முடியாதபடி அது பூட்டும். கோலாலம்பூரில் ஒலியும் வண்ணமும் செய்யப் போகும் நிறுவனம் பிரீமியரில் பழகியிருந்தால் பிரீமியரே உங்களுக்கு வசதி. ஃபைனல் கட் புரோ விண்டோசில் ஓடாது.

எதைத் தேர்ந்தாலும் படம் முடியும்வரை பதிப்பை மேம்படுத்தாதீர்கள். புதிய பதிப்பில் திறந்த புராஜெக்ட் பழையதில் திறக்காது. உங்களிடம் புதியதும் ஒலிக்காரரிடம் பழையதுமாக இருந்தால் இருவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

ரிசால்வில் ஒரு விஷயம் தெரியாமல் பலர் திண்டாடுகிறார்கள். புராஜெக்ட் கோப்பு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் காட்சிகளோடு இருப்பதில்லை, கணினிக்குள் ஒரு தரவுதளத்தில் இருக்கிறது. டிஸ்க்கைப் பத்திரமாக வைத்துவிட்டுக் கணினியை ஃபார்மட் செய்தால் காட்சி இருக்கும், தொகுப்பு இருக்காது. தானியங்கிப் பிரதியை இயக்கி வையுங்கள். அதற்கு மேல், ஒவ்வொரு நாளும் வேலை முடித்து மேசையை விட்டு எழும்போது புராஜெக்டை ஏற்றுமதி செய்து தேதியுடன் வேறு டிஸ்க்கில் போடுங்கள். சில மெகாபைட்தான், மின்னஞ்சலிலேயே அனுப்பலாம்.

4. மெமரி கார்டை இறக்குவது

படப்பிடிப்புத் தளத்தில் இந்த வேலைக்கென்று ஒரே ஆள் இருக்க வேண்டும். அவர் கையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு சுருள் டேப். கேமராவிலிருந்து வெளியே வந்த கார்டின் மேல் உடனே சிவப்பு டேப். இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, சரிபார்த்து, முதல் கிளிப்பையும் கடைசிக் கிளிப்பையும் ஓட்டிப் பார்த்த பிறகே சிவப்பை உரித்துப் பச்சையை ஒட்ட வேண்டும். பச்சை ஒட்டாத கார்டை யார் கேட்டாலும், இயக்குநரே கேட்டாலும், கொடுக்கக்கூடாது. செம்பனைத் தோட்டத்துக்குள் வெளிச்சம் போகிறது என்று எல்லோரும் கத்தும் நேரத்தில்தான் நிரம்பிய கார்டு அழிக்கப்படுகிறது.

மவுஸால் இழுத்துப் போடுவது பிரதி ஆகாது. பாதியில் தவறினால் அது சொல்லாது. செக்சம் பார்க்கும் கருவியை, அதாவது பிரதி அசலோடு முழுதாக ஒத்துப்போகிறதா என்று கணக்கிட்டுச் சொல்லும் கருவியைப் பயன்படுத்துங்கள். ரிசால்விலேயே மீடியா பக்கத்தில் குளோன் கருவி இலவசமாக இருக்கிறது.

கார்டில் உள்ள முழுக் கோப்புறையையும் அப்படியே எடுங்கள். வீடியோ கோப்பை மட்டும் பிடுங்கி எடுத்தால் அதோடு இருக்கும் தகவல் கோப்புகள் போய்விடும், சில கேமராக்களில் நீண்ட ஷாட்கள் துண்டு துண்டாக நிற்கும்.

பெயர் விஷயம் இன்னும் முக்கியம். பல கேமராக்கள் ஒவ்வொரு புதிய கார்டிலும் சி0001 என்றே தொடங்கும். பத்து கார்டு இறக்கினால் பத்து சி0001. ஆறு மாதம் கழித்து பிராக்ஸியிலிருந்து அசலுக்கு மாறும்போது, கோவில் திருவிழாக் காட்சி இருக்க வேண்டிய இடத்தில் லயத்து வாசல் வந்து நிற்கும். கேமரா மெனுவில் கோப்பு எண்ணைத் தொடர்ச்சியாக வையுங்கள், முன்னொட்டுக்கு இடமிருந்தால் கேமராவுக்கு ஓர் எழுத்து கொடுங்கள். இறக்கும்போது ஒவ்வொரு கார்டுக்கும் ஏ001, ஏ002 என்று தனிக் கோப்புறை. இறக்கிய பிறகு கோப்பின் பெயரைத் தொடவே கூடாது.

கைப்பேசியில் எடுத்த காட்சி இருந்தால் அதை முதலிலேயே நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றுங்கள். கைப்பேசி வெளிச்சத்துக்கு ஏற்ப ரேட்டை மாற்றிக்கொண்டே இருக்கும், ஒலி மெல்ல விலகும்.

5. பிராக்ஸி

எச்.264, எச்.265 கோப்புகளில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இல்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதுதான் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். ஒரு ஃபிரேமைக் காட்டக் கணினி பல ஃபிரேம்களைப் பிரிக்க வேண்டும். அதனால்தான் அளவில் சிறிய கோப்பு ஓடும்போது கனக்கிறது.

வெட்டுவதற்கு ஓட லேசான வகையில் பிராக்ஸி உருவாக்குங்கள்: விண்டோசில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, மேக்கில் புரோரெஸ் பிராக்ஸி. 1080 அளவில் இரண்டுமே வினாடிக்கு ஏறத்தாழ 36 மெகாபிட், மணிக்கு 16 ஜிபி. மேலே சொன்ன 1,000 நிமிடமும் 270 ஜிபிக்குள் அடங்கும், ஒரு சிறிய எஸ்எஸ்டியில் முழுப் படமும் பையில் போகும்.

பிராக்ஸி உருவாக்கும் முன் டைம்லைன் ஃபிரேம் ரேட்டை அமைப்பில் பாருங்கள். ரிசால்வில் டைம்லைனில் வேலை தொடங்கிய பின் அதை மாற்ற முடியாது. முதல் கிளிப்பை இழுத்துப் போட்டதும் 'மாற்றட்டுமா' என்று கேட்கும் பெட்டியில் படிக்காமல் சரி என்று அழுத்துவதால் வரும் துன்பம் படத்தின் கடைசிவரை கூடவே வரும்.

6. ஒலியைப் பொருத்துவது

வசனத்தைத் தனி ரெக்கார்டரில் எடுத்திருப்பீர்கள். தொகுக்கத் தொடங்கும் முன் எல்லா கிளிப்பிலும் அதைப் பொருத்தி முடியுங்கள். பாதி பொருத்திவிட்டு வெட்டத் தொடங்கினால், வெட்டிய துண்டுகளில் கேமரா மைக்கின் ஒலி ஒட்டிக்கொண்டு படம் முழுக்கப் பரவும்.

அலைவடிவத்தை வைத்துத் தானாகப் பொருத்தும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. கேமராவிலும் ஒலி பதிவாகியிருந்தால்தான் அது வேலை செய்யும். கேமரா மைக்கை அணைத்து வைக்கும் ஒளிப்பதிவாளரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். ரப்பர்க் காட்டுக்குள் சில்வண்டு இரைச்சல் அடர்த்தியாக இருக்கும்போது தானியங்கி ஏமாறும், அங்கெல்லாம் கிளாப் கட்டைதான் கைகொடுக்கும்.

கையால் பொருத்துவது இப்படி: ஒவ்வொரு ஃபிரேமாக நகருங்கள். மேல்கட்டை மங்கலாக இறங்கிக்கொண்டிருக்கும் ஃபிரேம் வரும். அடுத்ததில் அது கீழ்க்கட்டையைத் தொட்டு, மங்கல் நின்று, கோடுகள் கூர்மையாகத் தெரியும். அந்த ஃபிரேம்தான். ஒலித் தடத்தில் அமைதியிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழும் முள்ளின் தொடக்கத்தை அதோடு சேருங்கள். உச்சியைச் சேர்க்கக்கூடாது, தொடக்கத்தை. ஒரு ஃபிரேம் தவறினால் அப்போது தெரியாது. ப, ம போன்ற உதடு ஒட்டும் எழுத்துகள் வரும் வசனத்தைக் குளோசப்பில் பாருங்கள், காட்டிக்கொடுத்துவிடும்.

7. முதல் தொகுப்பு

காட்சி எண்ணுக்கு ஒரு பின் வையுங்கள். 'நல்லது', 'அம்மா அழுவது' என்றெல்லாம் பெயர் வைத்தால் உதவியாளருக்குப் புரியாது. ஸ்கிரிப்டில் காட்சி 42 என்றால் பின்னும் 42.

முதலில் எல்லாக் காட்சியையும் நீளமாக அடுக்குங்கள். இசை போடாதீர்கள். இசை மேலே ஓடினால் தளர்ந்த காட்சியும் ஓடுவதுபோலத் தெரியும், வெட்ட வேண்டிய இடம் மறைந்துவிடும். ஒவ்வொரு காட்சியையும் தனி டைம்லைனில் முடித்த பிறகு சேருங்கள். இரண்டு மணி நேர டைம்லைனில் நேரடியாக வேலை செய்தால் ஒரு தவறான அழுத்தம் கடைசிவரை எல்லாவற்றையும் நகர்த்திவிடும்.

ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன் டைம்லைனைப் பிரதியெடுத்து எண் கொடுங்கள். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'உண்மையான ஃபைனல்' என்ற வரிசையை நம் ஊரில் எல்லா மேசையிலும் பார்க்கலாம்.

8. பூட்டுவது, ரீலாகப் பிரிப்பது

இயக்குநரும் தயாரிப்பாளரும் ஒப்புக்கொண்ட நாளில் படத்தைப் பூட்டுங்கள். அதன் பிறகு ஒரு ஃபிரேம்கூட நகரக்கூடாது. ஒலி, இசை, வண்ணம், வசன வரி (சப்டைட்டில்) நான்கும் ஒரே நேரக் கணக்கை நம்பி வெவ்வேறு இடத்தில் ஓடும். தீபாவளிக்கு வெளியிடும் அவசரத்தில் பூட்டாமலே ஒலிக்கு அனுப்புவது, மிச்சப்படுத்திய நாளைவிட அதிக நாளைத் தின்னும்.

பூட்டியதை 20 நிமிடம் அளவில் ரீல்களாகப் பிரியுங்கள். முதல் ரீல் 01:00:00:00இல் தொடங்கும், இரண்டாவது 02:00:00:00இல். ஒவ்வொன்றிலும் எட்டு வினாடி லீடர் (படத்துக்கு முன்னால் ஒட்டும் பகுதி), 06ஆம் வினாடியில் ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 'பீப்', 08இல் படம். ஒலிக்காரர் திருப்பி அனுப்பும் கோப்பிலும் அந்தப் பீப் இருக்கும். இரண்டும் நேர்கோட்டில் வந்தால் மற்றதும் வரும். பாட்டோ இசையோ ஓடும் இடத்தில் ரீலை முறிக்காதீர்கள், சேரும் இடத்தில் 'டிக்' என்று கேட்கும்.

ரீலுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் படம் தணிக்கை வாரியத்துக்குப் போக வேண்டும். ஓரிடத்தில் வெட்டச் சொன்னால் அந்த ரீலை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

9. ஒலிக்கும் வண்ணத்துக்கும் கொடுப்பது

ஒலிக்காரருக்கு ரீலுக்கு ஓர் ஏஏஎஃப் (வெட்டிய ஒலித் துண்டுகளை அவருடைய மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு), கூடவே டைம்கோடு எரித்த, அதாவது நேர எண் படத்தின் மேலேயே தெரியும் 1080 வீடியோ. ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் ஐந்து வினாடி உபரி விடுங்கள், வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அவருக்கு அது வேண்டும். பூம், காலர் மைக் தடங்கள் தனித்தனியாகப் போகின்றனவா என்று பாருங்கள். கலந்த ஒரே தடம் போனால் அவரால் எதையும் பிரிக்க முடியாது.

யூடியூபுக்குக் கலக்கும் சத்த அளவில் திரையரங்கத்துக்குக் கலக்கக்கூடாது. ஆறு தட ஒலியான 5.1இல் வசனம் நடு ஸ்பீக்கரில் இருக்க வேண்டும். வெறும் இரண்டு தடத்தில் கொடுத்தால் இடது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு எல்லோரும் இடது சுவரிலிருந்தே பேசுவார்கள். இந்த ஒரு வேலையைக் கோலாலம்பூரில் முறையான அறையில் செய்யப் பணம் ஒதுக்குங்கள். ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் டிஸ்க்கோடு போய் நீங்களே பக்கத்தில் உட்காருங்கள்.

வண்ணத்துக்கு ரிசால்விலேயே தொகுத்திருந்தால் பிராக்ஸியை அணைத்தாலே அசல் வந்துவிடும். பிரீமியரிலிருந்து எக்ஸ்எம்எல் (வெட்டுகளின் பட்டியலைக் கொண்டுபோகும் கோப்பு) வழியாகப் போனால் வேக மாற்றம், நிலைப்படுத்தல், பிளகின் விளைவு ஆகியவை ஒழுங்காகப் போகாது. அவை உள்ள ஷாட்களைப் பட்டியலிட்டு, எரித்த வீடியோவோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

10. தலைப்பும் வசன வரியும்

தமிழ் எழுத்தை எல்லா மென்பொருளும் ஒழுங்காகக் காட்டும் என்று நம்பாதீர்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே மிதக்கும். பிரீமியரில் கிராஃபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தால் இது சரியாகும். மற்ற இடங்களில் தலைப்பை வெளியே வடிவமைத்துப் பின்னணி இல்லாத படமாகக் கொண்டுவருவதே நிம்மதி. 'கொ', 'ணௌ', 'ஸ்ரீ' மூன்றையும் அடித்துப் பார்த்தால் மென்பொருளின் யோக்கியதை தெரிந்துவிடும். பெயர்ப் பட்டியலை யூனிகோடிலேயே வாங்குங்கள்.

மலாய் வசன வரியைப் பூட்டிய பிறகே எழுதத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்து அளவு, குறைந்தது ஒரு வினாடி, அதிகம் போனால் ஆறு. வெட்டைத் தாண்டி வரி நீடிக்காமல் பாருங்கள், கண் அதையே மறுபடி படிக்கும்.

11. டிசிபியும் சோதனைக் காட்சியும்

டிசிபி உருவாக்கும் மென்பொருளான டிசிபி-ஓ-மேட்டிக் இலவசம், நம்பகமானது. ரீல்களை புரோரெஸ் 422 எச்க்யூவிலோ டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்சிலோ வெளியிட்டு அதில் ஏற்றுங்கள். 709இலிருந்து திரையரங்க வண்ணத்துக்கு அதுவே மாற்றும். நீங்கள் முன்கூட்டியே மாற்றிவிட்டு அதையும் மாற்றவிட்டால் முகங்கள் நிறம் திரிந்து வரும். முடிந்ததும் அதோடு வரும் சரிபார்ப்புக் கருவியை ஓட்டுங்கள். உருவான கோப்புறைக்குள் எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றாதீர்கள். மாற்றினால் சர்வர் உள்ளே விடாது.

100 நிமிடப் படம் அதிகபட்ச அளவில், ஒலியோடு சேர்த்து ஏறத்தாழ 200 ஜிபியில் நிற்கும். டிஸ்க்கை எந்த வடிவத்தில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று அரங்கத்தில் கேளுங்கள். லினக்சின் இஎக்ஸ்டி வடிவமே பொதுவாக எதிர்பார்க்கப்படுவது.

ஈப்போவில் ஓர் அரங்கத்தில், காலைக் காட்சிக்கு முன் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். முழுப் படம் ஓட்ட நேரம் கிடைக்காது. ஒவ்வொரு ரீலின் முதல் ஒரு நிமிடம், இரண்டு ரீல் சேரும் இடம், மிக இருண்ட காட்சி, மிகச் சத்தமான காட்சி, மிக மெல்லிய வசனம், தமிழ்ப் பெயர்ப் பட்டியல் இவற்றைப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த இரவுக் காட்சி வீட்டு மானிட்டரில் தெளிவாக இருந்து இங்கே கறுப்பாகிவிடலாம், அதற்காகவே வந்திருக்கிறீர்கள். அரங்கின் ஒலிக் கட்டுப்பாட்டை டால்பி அளவு 7இல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதைவிடக் குறைத்துக் கேட்டால் கலவையைத் தவறாக எடைபோடுவீர்கள். உட்காரும் இடத்தையும் மாற்றுங்கள்: முன்வரிசை ஓரம், நடு, பின்வரிசை.

திருத்தம் வந்தால் அந்த ரீலை மட்டும் மாற்றி, டிசிபியின் பெயரில் பதிப்பு எண்ணை ஏற்றிப் புதிதாக உருவாக்குங்கள். பழைய டிஸ்க்கை அரங்கிலிருந்து கையில் வாங்கிக்கொண்ட பிறகே புதியதைக் கொடுங்கள், சர்வரில் ஏற்கெனவே ஏற்றிய பழைய பதிப்பையும் அழிக்கச் சொல்லி நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.